கேள்வி – பதில்: சுவர் பிரித்த இரு கரைகளும் ஒரே தொகுதியான கதை

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் மாதந்தோறும் கூடிப் பேசும் வாசகர் சிலர், ஜெர்மனியில் பணிபுரியும் தங்கள் ஊர்ப் பெண் ஒருவர் வீட்டுக்கு எழுதிய செய்திகளால் தூண்டப்பட்டு, பெர்லின் நகரின் ஒரு நாடாளுமன்றத் தொகுதியைப் பற்றி ஆளுக்கொரு கேள்வி எழுதி ஒரே உறையில் அனுப்பியிருக்கிறார்கள். கேள்விகள் ஒன்றையொன்று தொடர்வதால் இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியுள்ளோம்.

கேள்வி: என் மகள் பெர்லினில் ஃபிரீட்ரிக்ஸ்ஹைன் என்னும் வட்டாரத்தில் குடியிருக்கிறாள். ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் குரொய்ட்ஸ்பெர்க். இரண்டுக்கும் ஒரே நாடாளுமன்ற உறுப்பினர்தான் என்றும், ஒரு காலத்தில் இவற்றுக்கு நடுவில் பெர்லின் சுவர் நின்றது என்றும் சொல்கிறாள். எங்கள் சுங்கை சிப்புட் தொகுதி 1959 முதல் இதே பெயரில் இருந்து வருகிறது. துன் சம்பந்தனும் அவருக்குப் பின் துன் சாமிவேலுவும் நெடுங்காலம் உறுப்பினராக இருந்த தொகுதி என்று மாணவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மகள் இருக்கும் தொகுதியின் வரலாறு என்ன?
– ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை

பதில்: அம்மா, தங்கள் மகளின் தொகுதி நம் சுங்கை சிப்புட்டைவிட மிகவும் இளையது. அது முதன்முதலில் தேர்தலைக் கண்டது 2002ஆம் ஆண்டில்தான். அதன் முழுப்பெயர் ‘பெர்லின் ஃபிரீட்ரிக்ஸ்ஹைன்–குரொய்ட்ஸ்பெர்க்–பிரென்ஸ்லாவர் பெர்க் கிழக்கு’ என்பதாகும்.

அது பிறந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பண்டெஸ்டாக் எனப்படும் ஜெர்மன் நாடாளுமன்றம் 1990இல் கிழக்கு ஜெர்மனியும் மேற்கு ஜெர்மனியும் இணைந்த பிறகு பெருத்துவிட்டது என்ற எண்ணம் பரவலாக இருந்தது. எனவே 2002 தேர்தலுக்கு முன் அதன் சட்டப்படியான இடங்கள் 656இலிருந்து 598ஆகவும், தொகுதிகள் 328இலிருந்து 299ஆகவும் குறைக்கப்பட்டன. பெர்லினுக்கு அதுவரை இருந்த 13 தொகுதிகள் 12 ஆயின. ஏறத்தாழ அதே வேளையில், 2001 ஜனவரி 1ஆம் தேதி, பெர்லின் மாநகரின் 23 வட்டங்களும் 12 பெரிய வட்டங்களாக இணைக்கப்பட்டன. அவ்வாறு இணைந்தவற்றில் முன்னாள் மேற்கும் முன்னாள் கிழக்கும் ஒன்றாகக் கலந்தவை இரண்டே இரண்டு: ஒன்று நகர மையமாகிய மிட்டே, மற்றொன்று இந்த ஃபிரீட்ரிக்ஸ்ஹைன்–குரொய்ட்ஸ்பெர்க். இந்தப் புதிய வட்டத்தோடு பிரென்ஸ்லாவர் பெர்க்கின் கிழக்குப் பகுதியையும் சேர்த்துத்தான் நாடாளுமன்றத் தொகுதி வரையப்பட்டது.

அதற்கு முந்தைய மூன்று தேர்தல்களில், அதாவது 1990, 1994, 1998 ஆகிய ஆண்டுகளில், குரொய்ட்ஸ்பெர்க் தன் மேற்கு அண்டையான ஷோனெபெர்க்குடனும், ஃபிரீட்ரிக்ஸ்ஹைன் தன் கிழக்கு அண்டையான லிஷ்டென்பெர்க்குடனும் சேர்ந்திருந்தன. சுவர் திறந்து ஒன்பது ஆண்டுகள் ஆன பின்னும் தேர்தல் வரைபடத்தில் பழைய எல்லைக்கோடு அப்படியே இருந்தது என்பதை இதிலிருந்து அறியலாம்.

கேள்வி: சுவர் இருந்த காலத்தில் இந்த மக்கள் யாருக்கு வாக்களித்தார்கள்? மேற்குக் கரையில் இருந்தவர்களுக்காவது சுதந்திரமான வாக்குரிமை இருந்திருக்கும் அல்லவா?
– நகரக் கடைவீதியில் மளிகைக்கடை வைத்திருப்பவர்

பதில்: நகராட்சி நிர்வாகத்துக்கும் மேற்கு பெர்லினின் சொந்தச் சட்டமன்றத்துக்கும் அவர்கள் சுதந்திரமாகவே வாக்களித்தார்கள். ஆனால் பண்டெஸ்டாக்கிற்கு அவர்களால் நேரடியாக வாக்களிக்க முடியவில்லை. பலரும் அறியாத செய்தி இது. பெர்லின் நகரம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் நான்கு வல்லரசுகளின் பொறுப்பில் இருந்தபடியால், மேற்கு பெர்லினை மேற்கு ஜெர்மனியின் முழு மாநிலமாக நடத்த அமெரிக்காவும் பிரிட்டனும் பிரான்சும் இசையவில்லை. எனவே மேற்கு பெர்லின் சட்டமன்றமே உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து பண்டெஸ்டாக்கிற்கு அனுப்பியது. 1953 முதல் அவர்களின் எண்ணிக்கை 22. அவர்கள் அவையில் அமரலாம், பேசலாம், குழுக்களில் பணியாற்றலாம். ஆனால் ஒரு சட்டம் நிறைவேறும்போதோ பிரதமரைத் தேர்ந்தெடுக்கும்போதோ அவர்களது வாக்குகள் தனியே எண்ணப்பட்டன, முடிவைத் தீர்மானிக்கும் கணக்கில் சேரவில்லை. அந்தத் தடையை மூன்று நாடுகளும் விலக்கிக்கொண்டது 1990 ஜூன் 8ஆம் தேதிதான்.

கிழக்குக் கரையில் நிலைமை வேறு. அங்கே தேர்தல்கள் நடந்தன, ஆனால் ஆளும் கட்சியின் தலைமையில் தயாரித்த ஒரே பட்டியல்தான் மக்கள் முன் வைக்கப்பட்டது. 1990 மார்ச் 18ஆம் தேதி நடந்ததே கிழக்கு ஜெர்மனியின் முதலாவதும் கடைசியுமான சுதந்திர நாடாளுமன்றத் தேர்தல். ஆகவே 1990 டிசம்பர் 2ஆம் தேதி குரொய்ட்ஸ்பெர்க் மக்களும் ஃபிரீட்ரிக்ஸ்ஹைன் மக்களும் ஒரே நாளில், இரு தரப்பினருமே முதன்முறையாக, பண்டெஸ்டாக்கிற்கு வாக்களித்தார்கள். இத்தொகுதியின் வரலாற்றில் என்னை மிகவும் நெகிழச் செய்வது அந்த நாள்தான்.

இரு கரைகளுக்கும் இடையிலிருந்த பிரிவு எத்தகையது என்பதை ஒரு செய்தி சொன்னால் விளங்கும். ஸ்ப்ரீ ஆறு அவ்விடத்தில் முழு அகலத்துக்கும் கிழக்கு பெர்லினுக்குச் சொந்தம். எல்லை குரொய்ட்ஸ்பெர்க் பக்கத்துக் கரைவிளிம்பிலேயே இருந்தது. அக்கரையில் விளையாடிய குழந்தைகள் தவறி விழுந்தால், தண்ணீருக்குள் இறங்குவதே எல்லை தாண்டுவதாகிவிடும் என்பதால், மேற்குப் பகுதியின் தீயணைப்பு வீரர்கள் கரையில் நின்று பார்க்க வேண்டியதாயிற்று. 1966க்கும் 1975க்கும் இடையில் ஐந்து குழந்தைகள் அங்கே மூழ்கி இறந்தார்கள். கடைசியாக இறந்தவன் துருக்கியத் தொழிலாளர் குடும்பத்தைச் சேர்ந்த 5 வயதுச் சிறுவன். அதன் பிறகே, 1975 அக்டோபரில், விபத்தின்போது மேற்குப் பகுதியினரும் ஆற்றில் இறங்கி உயிர்காக்கலாம் என்ற உடன்பாடு கையெழுத்தானது. தங்கள் ஊர்ப் பெண் இன்று கடந்து செல்லும் பாலம் அநேகமாக அதே இடத்திலுள்ள ஓபர்பாம் பாலமாக இருக்கும். இரண்டு கோபுரங்களுடன் செங்கல்லால் கட்டப்பட்ட அந்தப் பாலம், சுவர் திறந்து சரியாக ஐந்தாண்டு நிறைந்த 1994 நவம்பர் 9ஆம் தேதி மீண்டும் வாகனங்களுக்குத் திறந்துவிடப்பட்டது. சுவரின் ஒரு பகுதி, ஏறத்தாழ 1.3 கிலோமீட்டர் நீளத்துக்கு, ஃபிரீட்ரிக்ஸ்ஹைன் கரையில் ஓவியங்களோடு இன்னும் நிற்கிறது.

கேள்வி: பசுமைக் கட்சி என்பது மேலைநாடுகளில் சிறிய கட்சி என்றே படித்திருக்கிறேன். அது இத்தொகுதியை எப்படிக் கைப்பற்றியது?
– கல்லூரி மாணவி

பதில்: ஒரு மனிதரின் பிடிவாதம் அதற்கு வழி திறந்தது என்பேன். முதலில் அங்குள்ள முறையைச் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். 1953 முதல் ஜெர்மானிய வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இரண்டு வாக்குகள். முதல் வாக்கு தொகுதி வேட்பாளருக்கு. நம் நாட்டைப் போலவே அதிக வாக்கு பெற்றவர் முந்துகிறார். இரண்டாம் வாக்கு கட்சிப் பட்டியலுக்கு. அவையில் எந்தக் கட்சிக்கு எத்தனை இடம் என்பதை முடிவு செய்வது இதுவே. சிறிய கட்சிகள் பொதுவாகப் பட்டியல் வழியே மட்டும் உள்ளே வருவார்கள்; தொகுதியை வெல்லும் எண்ணமே அவர்களுக்கு இராது.

ஹன்ஸ் கிறிஸ்தியான் ஸ்ட்ரோபெலே ஒரு வழக்கறிஞர். பசுமைக் கட்சி சமூக ஜனநாயகக் கட்சியுடன் கூட்டணி ஆட்சி நடத்திக்கொண்டிருந்தபோது, ஆப்கானிஸ்தானுக்குப் படை அனுப்பும் முடிவைப் பிரதமர் ஷ்ரோடர் 2001 நவம்பரில் நம்பிக்கை வாக்கெடுப்போடு பிணைத்தார். தன் ஆட்சியே கவிழக்கூடும் என்ற நிலையிலும் எதிர்த்து வாக்களித்த நான்கு பசுமைக் கட்சி உறுப்பினர்களுள் ஸ்ட்ரோபெலே ஒருவர். அடுத்த தேர்தலுக்கான பெர்லின் பட்டியலில் வெற்றி வாய்ப்புள்ள இடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஒதுங்கிவிடுவார் என்று கருதப்பட்ட நிலையில், 63 வயதில், பட்டியலின் துணையே இல்லாமல் புதிய தொகுதியில் நேரடியாக நின்றார். மிதிவண்டியில் தெருத்தெருவாகச் சென்றார். கேலிச்சித்திரக் கலைஞர் கெர்ஹார்ட் சைஃபிரீட் வரைந்த சுவரொட்டிகள் இரு கரைகளிலும் ஒட்டப்பட்டன. தம்மைத் தேர்ந்தெடுத்தால் தம் கட்சியின் வெளியுறவு அமைச்சர் ஃபிஷருக்குத் தலைவலி நிச்சயம் என்ற பொருள்பட எதுகையோடு அமைந்த முழக்கத்தை அவர் வெளிப்படையாகவே வைத்தார். நூற்றுக்கு 31.6 வாக்குகள் பெற்று வென்றார். கூட்டாட்சி அளவில் பசுமைக் கட்சி ஒரு தொகுதியை நேரடியாக வென்றது அதுவே முதன்முறை.

இங்கே தொகுதியின் வரைவும் அவருக்குத் துணை நின்றது என்பதை மறைக்கக் கூடாது. குரொய்ட்ஸ்பெர்க் எழுபதுகள் முதலே மாணவர்களும் கலைஞர்களும் துருக்கியத் தொழிலாளர்களும் நிறைந்த, அரசை எதிர்த்துக் கேட்கும் பகுதி. ஃபிரீட்ரிக்ஸ்ஹைனில் முன்னாள் கிழக்கின் இடதுசாரி வாக்குகள் ஏராளம். போரை எதிர்க்கும் பசுமைக் கட்சிக்காரர் என்ற ஒரே அடையாளத்தால் இரு பக்கத்திலும் வாக்குச் சேர்க்க முடிந்தது. பழைய எல்லைகளுக்குள் அவருக்கு இந்த வாய்ப்பு இருந்திருக்குமா என்பது ஐயமே. ஆனால் 2005, 2009, 2013 ஆகிய மூன்று தேர்தல்களில் மீண்டும் மீண்டும் வென்றதை வரைவின் கணக்கில் மட்டும் எழுதிவிட இயலாது. 2009இல் அவருக்கு நூற்றுக்கு 46க்கும் மேற்பட்ட வாக்குகள் கிடைத்தன. 2017இல் முதுமை காரணமாக ஒதுங்கினார். 2022 ஆகஸ்டில், 83ஆம் வயதில் காலமானார். அவருக்குப் பின் துருக்கியின் மலாட்யாவில் பிறந்த வழக்கறிஞர் ஜனான் பைராம் அதே கட்சிக்காக 2017இலும் 2021இலும் வென்றார். 2002 முதல் 2017 வரை நடந்த ஐந்து தேர்தல்களிலும் நாடு முழுவதிலும் பசுமைக் கட்சி நேரடியாக வென்ற ஒரே தொகுதி இதுவாகவே இருந்தது.

கேள்வி: உறுப்பினர் பதவி விலகினால் அங்கும் இடைத்தேர்தல் வருமா?
– வாடகை வண்டி ஓட்டுநர்

பதில்: வராது. கட்சியின் மாநிலப் பட்டியலில் அடுத்து இருப்பவர் அவைக்குச் செல்வார். 2019 ஜனவரியில் பான் நகரத் தொகுதியின் உறுப்பினர் உல்ரிச் கெல்பர் தரவுப் பாதுகாப்பு ஆணையர் பொறுப்பை ஏற்று விலகியபோது அப்படித்தான் நடந்தது. அதே மாதத்தில் இங்கே நமக்கு அருகிலுள்ள கேமரன் மலையில் இடைத்தேர்தல் பிரச்சாரம் நடந்துகொண்டிருந்தது நினைவிருக்கும். செலவு மிச்சம் என்பது ஜெர்மானிய முறையின் நன்மை. தொகுதி மக்கள் தாம் தேர்ந்தெடுக்காத ஒருவரை, சில வேளை வேறு ஊர்க்காரரை, ஏற்க வேண்டியிருப்பது அதன் குறை. என் மனம் இடைத்தேர்தலின் பக்கமே சாய்கிறது.

கேள்வி: தொகுதி எல்லையை மாற்றி ஒரு கட்சியை வீழ்த்திவிட முடியும் என்று இங்கே ஒவ்வொரு மறுவரைவின்போதும் பேச்சு எழுகிறது. ஜெர்மனியில் எல்லையை வரைபவர் யார்? அங்கே இப்படிப்பட்ட புகார் இல்லையா?
– தோட்டத்தில் மண்டோராகப் பணியாற்றி ஓய்வுபெற்றவர்

பதில்: ஐயா, தாங்கள் கேட்டிருப்பதுதான் இந்தக் கேள்விகளுள் முதன்மையானது. இத்தொகுதியின் பிறப்போடு அதற்கு நேரடித் தொடர்பும் உண்டு.

அங்கே எழுவர் கொண்ட நிரந்தரக் குழு ஒன்று பரிந்துரை செய்கிறது. கூட்டாட்சிப் புள்ளியியல் அலுவலகத்தின் தலைவர், உச்ச நிர்வாக நீதிமன்றத்தின் நீதிபதி ஒருவர், மேலும் ஐவர் அதில் இருப்பார்கள். இறுதி முடிவு நாடாளுமன்றம் இயற்றும் சட்டத்தால் வருகிறது. ஒரு தொகுதியின் மக்கள்தொகை சராசரியிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகாதிருக்க வேண்டும். 25 விழுக்காட்டைத் தாண்டினால் திருத்தி வரைந்தே ஆக வேண்டும். நம் அரசமைப்பிலும் 1957இல் 15 விழுக்காடு என்ற வரம்பு இருந்தது. 1962இல் அது தளர்த்தப்பட்டு 1973இல் முற்றிலும் நீக்கப்பட்டது. அதன் விளைவாக 2022 பொதுத்தேர்தலில் சிலாங்கூரின் பாங்கி தொகுதியில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்காளர்களும், சரவாக்கின் இகான் தொகுதியில் 30 ஆயிரத்துக்கும் குறைவான வாக்காளர்களும் ஆளுக்கொரு உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த ஏற்றத்தாழ்வை நியாயப்படுத்த எந்த வாதமும் போதாது என்பது என் உறுதியான கருத்து.

இனி 2002க்கு வருவோம். பண்டெஸ்டாக்கில் இடம் பெற ஒரு கட்சிக்கு நாடு முழுவதும் 5 விழுக்காட்டு இரண்டாம் வாக்குகள் வேண்டும். அல்லது மூன்று தொகுதிகளை நேரடியாக வென்றிருக்க வேண்டும். பழைய கிழக்கு ஜெர்மன் ஆளும் கட்சியின் வழிவந்த ஜனநாயக சோசலிசக் கட்சி 1994இல் 4.4 விழுக்காடு மட்டுமே பெற்றது. ஆயினும் கிழக்கு பெர்லினின் ஐந்து தொகுதிகளில் நான்கை வென்றதால் 30 உறுப்பினர்களோடு அவைக்குள் நுழைந்தது. அந்த நான்கில் ஒன்று ஃபிரீட்ரிக்ஸ்ஹைன்–லிஷ்டென்பெர்க். வென்றவர் பொருளியலாளர் கிறிஸ்டா லூஃப்ட். இன்னொன்றான மிட்டே–பிரென்ஸ்லாவர் பெர்க்கில் வென்றவர் எழுத்தாளர் ஸ்டெஃபான் ஹைம். அவையின் மூத்த உறுப்பினர் என்ற முறையில் முதல் கூட்டத்தைத் தொடக்கி வைத்ததும் அவரே.

2002இல் வரைபடம் மாறியபோது முழுவதும் கிழக்குப் பகுதியிலேயே அமைந்த பெர்லின் தொகுதிகள் ஐந்திலிருந்து நான்காகக் குறைந்தன. ஃபிரீட்ரிக்ஸ்ஹைனும் மிட்டேயும் மேற்குப் பகுதிகளோடு சேர்க்கப்பட்டன. அக்கட்சி அந்தத் தேர்தலில் 4.0 விழுக்காடு பெற்று, இரண்டு தொகுதிகளை மட்டும் வென்றது. மூன்றாவது தொகுதி கிடைத்திருந்தால் தன் வாக்குக்கு ஏற்ற இடங்களையெல்லாம் பெற்றிருக்கும். கிடைக்காததால் 603 பேர் கொண்ட அவையில் அதற்கு இரண்டே உறுப்பினர்கள். ஷ்ரோடரின் கூட்டணி 306 இடங்களோடு ஆட்சியைத் தக்கவைத்தது.

அப்படியானால் இது திட்டமிட்ட சதியா? அப்படிச் சொல்ல நான் துணியமாட்டேன். தொகுதிகளைக் குறைக்கும் முடிவு நாடு முழுவதற்கும் பொதுவானது. வட்டங்களின் இணைப்பும் நகர நிர்வாகச் சீர்திருத்தமாக நடந்தது. அக்கட்சியின் செல்வாக்கும் அவ்வாண்டில் தேய்ந்திருந்தது. முழுவதும் கிழக்கிலேயே இருந்த நான்கு தொகுதிகளில் மற்ற இரண்டையும் சமூக ஜனநாயகக் கட்சி வென்றது. ஆயினும், நேர்மையான காரணத்துக்காக நேர்மையான முறையில் வரையப்படும் கோடும் ஒரு கட்சியின் வாழ்வைத் தீர்மானித்துவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ஆகவேதான் மறுவரைவுக் கூட்டங்களுக்குச் சென்று ஆட்சேபம் எழுதிக் கொடுக்கும் நம் ஊர் மக்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கேள்வி: எங்கள் தோட்டங்களில் இந்நாட்டிலேயே பிறந்தும், குடியுரிமை இல்லாதோருக்கான சிவப்பு அடையாள அட்டையோடு வாக்குரிமை இல்லாமல் வாழ்ந்து மறைந்தவர்களை நான் அறிவேன். அங்குள்ள துருக்கியர்களுக்கு வாக்குரிமை உண்டா?
– தோட்டத்து வாசகர்

பதில்: ஜெர்மன் குடியுரிமை பெற்றவர்களுக்கு மட்டுமே உண்டு. துருக்கியிலிருந்து ஆளெடுக்கும் ஒப்பந்தம் 1961 அக்டோபரில் கையெழுத்தானது. சில ஆண்டுகள் உழைத்துத் திரும்பிவிடுவார்கள் என்று கருதி அழைக்கப்பட்டவர்கள், குடும்பத்தோடு குரொய்ட்ஸ்பெர்க்கில் வேரூன்றினார்கள். அவர்கள் வரி கட்டினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், ஆனால் பண்டெஸ்டாக் தேர்தலில் அவர்களுக்கு இடமில்லை. தொகுதியின் அளவைக் கணக்கிடும்போதும் குடியுரிமை பெற்றவர்களை மட்டுமே எண்ணுகிறார்கள். எனவே வெளிநாட்டவர் மிகுந்த ஒரு தொகுதியில் உண்மையில் வசிப்போரின் எண்ணிக்கை ஏட்டில் உள்ளதைவிட அதிகம். 2000ஆம் ஆண்டு முதல், நெடுங்காலம் சட்டப்படி வசிக்கும் பெற்றோருக்கு அங்கே பிறக்கும் பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்களாகிறார்கள். 2024 ஜூன் முதல், பழைய குடியுரிமையைத் துறக்காமலேயே ஜெர்மன் குடியுரிமை பெறலாம். முதல் தலைமுறையினர் பலருக்கு இது மிகத் தாமதமாக வந்த நீதி. தாங்கள் குறிப்பிட்டவர்களுக்கு அதுவும் வாய்க்கவில்லை என்பதை எண்ணும்போது மனம் கனக்கிறது.

கேள்வி: அண்மைத் தேர்தல்களில் அங்கே என்ன நடந்தது? தொகுதியின் எண் ஒவ்வொரு முறையும் மாறுவதாக என் தோழி எழுதியிருக்கிறாள், அது ஏன்?
– ஆசிரியை மகளின் பள்ளித் தோழி

பதில்: 2021 செப்டம்பர் 26ஆம் தேதி பெர்லினில் நாடாளுமன்றம், மாநிலம், வட்டம் ஆகிய மூன்றுக்கும் தேர்தலோடு வீட்டு வசதி குறித்த பொது வாக்கெடுப்பும் வைத்து, அதே நாளில் மாரத்தான் ஓட்டத்துக்காகத் தெருக்களையும் அடைத்துவிட்டார்கள். சாவடிகளில் வாக்குச்சீட்டு தீர்ந்து போயிற்று. சிலவற்றில் வேறு தொகுதியின் சீட்டுகள் வந்திருந்தன. மக்கள் மணிக்கணக்கில் நின்றார்கள். கூட்டாட்சி அரசமைப்பு நீதிமன்றம் 2023 டிசம்பரில் தீர்ப்பு வழங்கி, பெர்லினின் 2,256 வாக்குப் பிரிவுகளில் 455இல் மறுதேர்தல் நடத்த ஆணையிட்டது. அது 2024 பிப்ரவரி 11இல் நடந்தது.

2025 பிப்ரவரி 23ஆம் தேதி நடந்த தேர்தலில் பைராம் போட்டியிடவில்லை. 23 ஆண்டுகளாகப் பசுமைக் கட்சியிடம் இருந்த தொகுதியை இடதுசாரிக் கட்சியின் பாஸ்கல் மைசர் வென்றார். 2002இல் இரண்டே உறுப்பினர்களாகச் சுருங்கிய ஜனநாயக சோசலிசக் கட்சியின் இன்றைய வடிவம்தான் இடதுசாரிக் கட்சி.

எண் மாறுவதற்குக் காரணம் எளியது. 299 தொகுதிகளும் வடக்கே டென்மார்க் எல்லையிலுள்ள ஃபிளென்ஸ்பர்க்கில் தொடங்கி மாநில வாரியாக எண்ணப்படுகின்றன. வரிசையில் முன்னால் இருக்கும் மாநிலம் ஒன்று மக்கள்தொகை குறைந்து ஒரு தொகுதியை இழந்தால், பின்னால் உள்ளவற்றின் எண்கள் ஒன்று குறையும். 2002இல் 84ஆக இருந்த இத்தொகுதி, மெக்லென்பர்க்–மேற்கு பொமெரேனியா ஒரு தொகுதியை இழந்ததால் 2013இல் 83 ஆயிற்று. சாக்சனி–அன்ஹால்ட் ஒன்றை இழந்ததால் 2025இல் 82 ஆயிற்று. இரண்டும் முன்னாள் கிழக்கு ஜெர்மன் மாநிலங்கள். அவை இழந்த இடங்கள் மேற்கிலுள்ள ஹெஸ்ஸெனுக்கும் பவேரியாவுக்கும் சென்றன.